ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஆடிய ஆட்டம்

ஹாஃப்-லைஃப் என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி கேமில் இசை உண்டு என்பதே எனக்கு 20 வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் தெரியவந்தது. இத்தனைக்கும் இரண்டு கோடை விடுமுறைகளை முழுதாக அதற்குத் தின்னக் கொடுத்தவன் நான். யாராவது கேட்டால், “அதெல்லாம் தலைகீழாகத் தெரியும்” என்று சொல்லித் திரிந்தவனும் நான்தான்.

நடந்தது இதுதான். எங்கள் கைக்கு வந்தது அண்ணனின் நண்பன் நகலெடுத்துக் கொடுத்த சிடி. 1998 நவம்பரில் வெளிவந்த மூலச் சிடியில் கேமின் கோப்புகள் ஒரு பகுதியாகவும், இசை பாட்டு சிடியில் இருப்பதுபோலத் தனித்தனி ஆடியோ ட்ராக்குகளாகவும் இருந்தன. ஆடிக்கொண்டிருக்கும்போது உரிய இடம் வந்ததும் சிடி ட்ரைவ் அந்த ட்ராக்கைத் தேடிப் படித்து ஒலிக்கும். எங்கள் நகலில் கோப்புகளை மட்டும் அள்ளிப் போட்டிருந்தார்கள். கேம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது, இசை மட்டும் வரவில்லை. வராத ஒன்றை வரவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அது போதாதென்று ஸ்பீக்கரையும் அணைத்து வைத்திருந்தோம். அப்பா பகலில் கண்ணயரும் நேரம்தான் எங்கள் நேரம். துப்பாக்கிச் சத்தம் ஒன்று கேட்டாலும் கணினிக்குப் பூட்டு விழும். அதனால் ஸ்பீக்கரின் குமிழைக் கடைசி வரை இடப்பக்கம் திருப்பிவிட்டுத்தான் உட்காருவோம். கேட்டிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது என்பது வேறு விஷயம். கேமில் பேசுகிறவர்கள் எல்லாரும் பேசுவது விரைவான அமெரிக்க ஆங்கிலம். எனக்கு வயது 11.

ஆக, நான் ஆடியது ஓர் ஊமைப் படம். அது ஊமைப் படம் என்று தெரியாமலேயே ஆடியிருக்கிறேன்.

2023 நவம்பரில் கேமின் 25 ஆண்டு நிறைவையொட்டி, அதைச் செய்த வால்வ் நிறுவனம் ஒரு பெரிய அப்டேட் வெளியிட்டது. சில நாட்களுக்கு ஸ்டீம் என்ற தங்கள் இணையக் கேம் கடையில் இலவசமாகவும் கொடுத்தார்கள். அப்போது எடுத்து வைத்துக்கொண்டேன். எடுத்த கையோடு ஆடவில்லை. சின்ன வயதில் பிடித்ததைத் திரும்பத் தொட ஒரு பயம் இருக்கிறது, இல்லையா? நினைவில் இருக்கிற அளவுக்கு அது நன்றாக இல்லாமல் போய்விட்டால் நினைவும் சேர்ந்து கெடும். நான்கைந்து வாரம் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத ஒரு சனிக்கிழமை மாலையில், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் சந்தோஷமாகவெல்லாம் இல்லை. 40 நிமிடத்தில் தலை சுற்றி வயிற்றைப் புரட்டியது. அந்தக் காலத்துக் கேம்களில் நாயகன் கிட்டத்தட்ட ஓட்டமாகவே நகர்வான், பார்வையும் கூடவே ஆடும். 11 வயதில் இது ஒன்றும் செய்யவில்லை, இப்போது செய்கிறது. மூன்று காரியங்கள் எனக்கு உதவின. திரையை விட்டு இரண்டு அடி பின்னால் தள்ளி உட்கார்ந்தேன். அறை விளக்கைப் போட்டுக்கொண்டேன் (இருட்டில் ஆடினால்தான் திகில் என்பார்கள், வாந்தி எடுத்தால் திகிலும் போய்விடும்). முக்கியமாக, பார்வைக் கோணம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். பழைய கேம்கள் 4:3 சதுரத் திரைக்காகச் செய்யப்பட்டவை. அகலத் திரையில் அவற்றை அப்படியே இழுத்துப் போட்டால் குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பதுபோல் இருக்கும். இந்த அப்டேட்டில் அகலத் திரைக்கான ஏற்பாடு உண்டு. வேறு பழைய கேம் எதையாவது தூசு தட்டி எடுக்கிறீர்கள் என்றால் முதலில் இந்த ஒரு அமைப்பைத் தேடிப் பாருங்கள்.

மவுஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுடுவது எதுவும் இலக்கில் படவில்லை, வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் மவுஸ் ஆக்சிலரேஷன் இயங்கிக்கொண்டிருந்தது. கையை மெதுவாக நகர்த்தினால் ஒரு தூரம், சட்டென்று நகர்த்தினால் வேறு தூரம். அமைப்புகளில் ‘ரா இன்புட்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்ததும் வயது குறைந்துவிட்டது.

படத் தரம் பற்றிப் பயந்ததுபோல் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் பழைய கணினியில் படத்தை வரைவதற்கென்றே இருக்கும் 3டி கார்டு கிடையாது. கணினியின் செயலியே படத்தையும் வரையும் சாஃப்ட்வேர் ரெண்டரில், அஞ்சல்தலை அளவு தெளிவில்தான் ஆடினோம். இப்போது பார்ப்பது அதைவிடப் பல மடங்கு தெளிவு. ஆனால் நினைவில் இருந்த படத்தைவிடக் குறைவு, அதுதான் வேடிக்கை. என் நினைவு இத்தனை வருஷமாக உட்கார்ந்து அந்தக் கட்டங்களுக்கெல்லாம் சாயம் அடித்து, விளிம்புகளை இழைத்து வைத்திருக்கிறது. ஆராய்ச்சிக் கூடம் முழுக்க அறிவியலாளர்கள் என்று நினைத்திருந்தேன். மொத்தம் நான்கே முகங்கள், அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. உருவங்களை மாற்றித் தரும் ஹெச்டி பேக் ஒன்று 2001இல் ‘ப்ளூ ஷிஃப்ட்’ என்ற துணைக் கேமுடன் வந்தது. போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். துப்பாக்கிகளே வேறு ஆகிவிடுகின்றன. கரடுமுரடான சுவர்களுக்குக் கரடுமுரடான மனிதர்கள்தான் பொருத்தம்.

கேம் ட்ராம் பயணத்தில் தொடங்குகிறது. நியூ மெக்சிகோ பாலைவனத்துக்கு அடியில் இருக்கும் பிளாக் மெசா ஆராய்ச்சிக் கூடம். ட்ராம் பெட்டிக்குள் நாம் நிற்கிறோம். ஒலிபெருக்கியில் ஒரு குரல் மணி 8:47 என்கிறது, மேலே வெப்பம் 93 டிகிரி ஃபாரன்ஹீட், 105 வரை போகும் என்கிறது, கதிர்வீச்சுப் பாதுகாப்பு, வேலைவாய்ப்பு என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே வருகிறது. சுடுவதற்கு ஒன்றும் இல்லை. சின்ன வயதில் இந்தச் சில நிமிடங்கள் எனக்குத் தண்டனை. பெட்டிக்குள் குதித்துக் குதித்துச் சுவரில் முட்டிக்கொண்டிருப்பேன்.

இப்போது அது என்ன என்று ஒரு நொடியில் புரிந்தது. ஒருவன் வேலைக்குப் போகிறான். தாமதமாகப் போகிறான். வாசலில் காவலர் அதைச் சொல்லிக் காட்டுகிறார். உள்ளே போனால் சக ஊழியர்கள் ஏதோ கணினி படுத்துவிட்டது என்று புலம்புகிறார்கள், மேலே இருப்பவர்கள் அவசரப்படுத்துகிறார்கள், பரிசோதனை அளவு மீறிப் போகிறது என்று ஒருவருக்கு உள்ளூர உறுத்துகிறது, ஆனாலும் நிறுத்துவதில்லை. அன்றாடம் நான் பார்க்கிற அலுவலகம்தான், பரிசோதனை பிசகி உள்ளே வந்து கொட்டும் வேற்றுக்கிரகப் பிராணிகள் மட்டும் கூடுதல். நாயகன் கார்டன் ஃப்ரீமேனுக்கு வயது 27, எம்ஐடியில் கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவன். முன்பு அவன் எனக்குப் பெரிய மனிதன். இப்போது என்னைவிடச் சின்னப் பையன். படிப்பை முடித்துவிட்டு வந்தவனை ஒரு வண்டியைத் தள்ளச் சொல்லியிருக்கிறார்களே என்று பாவமாக இருந்தது.

பாதுகாப்பு உடையை அணிந்துகொள்ளும் இடத்தில் திடீரென்று இசை வந்தது. கைகள் மவுஸில் அப்படியே நின்றன. கேமின் இசையமைப்பாளர் கெல்லி பெய்லி போட்ட சின்னத் துணுக்கு, சில நொடிகள்தான். கேம் முழுக்கவே இசையை இப்படித்தான் கிள்ளிக் கிள்ளி வைத்திருக்கிறார்கள். அந்த உடையை நான் எத்தனை தடவை மாட்டியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் இது ஒலித்திருக்க வேண்டியது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அங்கேயே ஒரு தீர்மானம் எடுத்தேன். பழைய சேவ், பழைய வழக்கம், பழைய ஏமாற்று வித்தை எதுவும் வேண்டாம். எனக்குத் தெரியாத கேம் என்று நினைத்துக்கொண்டு ஆட வேண்டும். முதல் வேலையாக முதன்மை மெனுவுக்குத் திரும்பி, ‘ஹசார்ட் கோர்ஸ்’ என்ற பயிற்சிப் பகுதியைத் திறந்தேன். சின்ன வயதில் அதைத் தொட்டதே இல்லை. பயிற்சி என்றால் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும் என்று ஒதுக்கிவிட்டோம். அதில் ஒரு ஹாலோகிராம் பெண் நின்று, குனிந்தபடி தாவுவது எப்படி என்று நிதானமாகச் சொல்லித்தருகிறாள். தாவும் பொத்தானோடு குனியும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் கால்கள் மடங்கி, சாதாரணமாக ஏற முடியாத உயரத்தில் ஏறலாம். அவ்வளவுதான் வித்தை. இந்த ஒன்று தெரியாமல் எத்தனை மரப்பெட்டிகள் முன்னால் நின்று முட்டியிருக்கிறேன்! முடியாமல் போனபோதெல்லாம் அண்ணன் கட்டளைகளைத் தட்டும் கன்சோல் பெட்டியைத் திரையில் திறந்து ‘நோகிளிப்’ என்று தட்டுவான். சுவரை ஊடுருவிப் பறந்து அந்தப் பக்கம் போய் இறங்குவோம். கூடவே ‘காட்’, ‘இம்பல்ஸ் 101’. சாவு கிடையாது, எல்லாத் துப்பாக்கியும் கையில். கேமின் கால்வாசியை நாங்கள் சுவர்களுக்கு உள்ளேயிருந்துதான் பார்த்திருக்கிறோம்.

பழைய கேமுக்குத் திரும்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: பயிற்சிப் பகுதி இருந்தால் ஆடிவிடுங்கள். அந்தக் காலத்துக் கேம்கள் நடுவில் நிறுத்திக் கையைப் பிடித்துச் சொல்லித்தராது. சொல்ல வேண்டியதை அங்கே சொல்லிவிட்டு, பிறகு வாயை மூடிக்கொள்ளும்.

இனி ‘ப்ளாஸ்ட் பிட்’ என்ற அத்தியாயம். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும் ஆழமான குழி. அதன் அடியிலிருந்து மூன்று பிரமாண்டமான கூர் அலகுக் கரங்கள் எழுந்து நிற்கின்றன. சுற்றிலும் இரும்பு நடைபாதைகள், ஏணிகள். நாம் அவற்றைக் கடந்து போய், எரிபொருளையும் ஆக்சிஜனையும் மின்சாரத்தையும் இயக்கிவிட்டுத் திரும்பி வந்து, எஞ்சினைப் பற்றவைத்து அந்தப் பிராணியைப் பொசுக்க வேண்டும். துப்பாக்கியால் அதைக் கொல்ல முடியாது. சிறு வயதில் இந்த அத்தியாயம் எங்களுக்குப் பிடிபடவே இல்லை. ஓடினோம், குத்தியது. சுட்டோம், குத்தியது. சில நேரம் ஒன்றும் செய்யாமல் விட்டது, ஏன் என்று தெரியவில்லை. “இதுக்குக் கணக்கே இல்லடா, சும்மா தோணினா குத்துது” என்றான் அண்ணன். நோகிளிப் போட்டுக் கடந்தோம்.

கணக்கு இருக்கிறது. அந்தப் பிராணிக்குக் கண் கிடையாது. சத்தத்தைக் கேட்டுத்தான் குத்துகிறது. வழியில் ஒரு காவலர் அதைச் சொல்லியே எச்சரிக்கிறார், சத்தம் போடாதே, அதற்குக் காது கேட்கும் என்று. நாங்கள் ஸ்பீக்கரை அணைத்து வைத்திருந்தோம்.

இந்த முறை ஹெட்ஃபோனில் முதலில் கேட்டது அதன் அலகு இரும்பில் தட்டும் ஓசை. டங்… டங்… என்று நிதானமாக, ஏதோ தேடுவதுபோல். கதவருகில் நின்று ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். தட்டல் தூரத்தில் இருக்கிறதா, பக்கத்திலா, எந்தக் காதில் கூடுதலாகக் கேட்கிறது. பிறகு ஒரு கையெறி குண்டை எதிர்ப்பக்கம் வீசினேன். வெடித்ததும் மூன்று தலைகளும் அந்தப் பக்கம் திரும்பி, இல்லாத என்னைக் குத்தத் தொடங்கின. குனிந்து, ஓசையில்லாமல், ஏணியில் இறங்கினேன். பாதி வழியில் அவை அமைதியாகிவிட்டன. நானும் நின்றேன். ஒரு தலை மெதுவாகத் திரும்பி என் முகத்துக்கு நேரே வந்து தொங்கியது. அசையவில்லை நான். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நான், அதற்கு என்ன கேட்கப்போகிறது! தலை வேறு பக்கம் போனது.

கேட்டால் போதும், கேம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. தலையில் தாவும் ஹெட்கிராப் தாவும் முன் ஒரு கீச்சு விடும். கூட்டமாக வரும் ஹவுண்ட்ஐ தாக்கும் முன் ஒரு ரீங்காரம் ஏறிக்கொண்டே போகும், அது உச்சிக்குப் போகும் முன் விலகிவிட வேண்டும். மின்னல் வீசும் பிராணி கைகளை உயர்த்தும்போதே சடசடப்பு கேட்கும், தூணுக்குப் பின்னால் போக நேரம் உண்டு. பிராணிகளோடு ஊழியர்களையும் சேர்த்து ஒழிக்க அனுப்பப்பட்ட இராணுவ வீரர்கள் குண்டு வீசும் முன் கத்திச் சொல்வார்கள். எனக்குப் பின்பக்கத்திலும் கண் முளைத்ததுபோல் ஆகிவிட்டது. கடினம் என்று நான் நினைத்திருந்த இடங்களில் பாதி, கேட்காததால் கடினம். அதனால் ஹெட்ஃபோன் இல்லாமல் இதை ஆடாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். வேறு பாட்டை ஓடவிட்டுக்கொண்டு ஆடுவதும் கூடாது.

வீரர்களின் பேச்சு இன்னொரு புதையல். ஒரு திருப்பத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷத்தில் சுடப்போன கை நின்றது. பிராணிகளைக் கொல்வது சரி, இந்த அப்பாவி ஊழியர்களை எதற்குக் கொல்லச் சொல்கிறார்கள் என்று ஒருவன் இன்னொருவனிடம் குமைகிறான். சின்ன வயதில் அவர்கள் பச்சை உடை போட்ட இலக்குகள், அவ்வளவுதான். அவன் பேசி முடித்த பிறகும் அவனைச் சுட்டால்தான் கதவு வரை போக முடியும் என்பது வேறு கொடுமை.

சேவ் செய்வதில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு மிச்சமாகும். எஃப் 6 அழுத்தினால் குவிக் சேவ், எஃப் 7 அழுத்தினால் அங்கிருந்து மீண்டும் தொடக்கம். வசதிதான், அதுவே வினையும் ஆகும். கையில் ஊறிப்போய் எஃப் 6-ஐ மூக்கைச் சொறிவதுபோல் அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒருநாள் உயிர் 4 மட்டும் மிச்சமிருக்க, காலடியில் குண்டு உருண்டுகொண்டிருக்க, அந்த நொடியை அழகாகச் சேமித்துவிட்டேன். எஃப் 7, சாவு. எஃப் 7, சாவு. ஒன்றரை மணி நேர ஆட்டம் போயிற்று. அன்றிலிருந்து அத்தியாயம் தொடங்கும்போதும், பெரிய சண்டைக்கு முன்னாலும், மெனுவுக்குப் போய்த் தனியாக ஒரு சேவ். குவிக் சேவ் மேல் பாரத்தைப் போடுவதில்லை.

வழி தெரியாமல் நிற்கும்போது யூடியூபைத் திறக்காமல் இருப்பதும் ஒரு பயிற்சிதான். அரை மணி நேரம் தேடுவது, கிடைக்காவிட்டால் அன்றைக்கு மூடிவைத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் உட்கார்ந்தால் பெரும்பாலும் முதல் ஐந்து நிமிடத்தில் கண்ணில் படும்: ஒரு காற்றுக் குழாய், ஒரு உடைகிற மூடி. இரண்டே இடத்தில் தோற்றுப்போய் வழிகாட்டியைப் பார்த்தேன்.

எல்லாமே தங்கம் என்று சொல்லமாட்டேன். ‘ஆன் எ ரெயில்’ அத்தியாயம் அலுப்பு. தண்டவாளத்தில் போய், இறங்கி, சுவிட்ச் தட்டி, ஏறி, மறுபடியும் அதேதான். கடைசியில் வரும் ஜென் என்ற வேற்றுலகம் இன்னும் மோசம். மிதக்கும் பாறைகளில் தாவித் தாவிப் போக வேண்டும், கால் எங்கே இருக்கிறது என்று தெரியாத கேமில் தாவுவதைப்போல் எரிச்சல் வேறில்லை. ரசிகர்கள் சேர்ந்து இதே கேமை மறு ஆக்கம் செய்து 2020இல் முழுதாக வெளியிட்ட ‘பிளாக் மெசா’வில் அந்தப் பகுதியை அடியோடு புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்தாலே மூலத்தில் எது குறை என்று விளங்கும். முதல் தடவை ஆடுகிறவர்கள் எதை ஆடுவது என்று கேட்டால், பழையதையே சொல்வேன். ஜென் வந்ததும் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், நீளம் அதிகமில்லை.

முடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. வார இறுதியில் மட்டும்தான் ஆடினேன்.

கடைசிக் காட்சி எனக்குப் புதிது. காட் மோட் போட்டு வந்தபோது முடிவு வரை நாங்கள் பொறுமையாக வந்ததே இல்லை. பெட்டியோடு கேம் முழுக்க எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கோட்டுக்காரர், ஜி-மேன், எதிரில் வந்து நிற்கிறார். என் துப்பாக்கிகளைப் பிடுங்கிக்கொள்கிறார், பெரும்பாலும் அரசாங்கச் சொத்தாம். உடையை மட்டும் நானே வைத்துக்கொள்ளலாமாம். அவர் பேசுவதைக் கேட்க வேண்டும்: சொற்களைத் தவறான இடத்தில் உடைத்து, தவறான எழுத்தை இழுத்து, மூச்சு விடுவதை இப்போதுதான் யாரோ கற்றுக்கொடுத்தவர்போல். மீண்டும் ட்ராம் பெட்டி, சுற்றிலும் விண்வெளி. வேலை ஒன்று தருகிறாராம். சம்மதம் என்றால் அந்த ஒளிவாசலில் காலை வைக்க வேண்டும், இல்லையென்றால் வெல்ல முடியாத சண்டை ஒன்றில் கொண்டுபோய் விட்டுவிடுவாராம்.

ஸ்பீக்கரை அணைத்து ஆடிய அத்தனை நாளுக்கும் சேர்த்துவைத்து, அந்தக் குரலையே கேட்டுக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். கெடு முடிந்துவிட்டது. கண் மூடித் திறப்பதற்குள் நான் ஆயுதமில்லாமல், ஒரு பெரும் பிராணிப் படைக்கு நடுவே. வேலையை மறுத்துவிட்டதாகத் திரையில் எழுதிக் காட்டினார்கள்.

நல்லவேளை, தனியாக ஒரு சேவ் போட்டு வைத்திருந்தேன்.